சோறு யாருகிட்ட இருக்கு?

பழைய புத்தகத்தைப் பிரித்தால் மண் வாசனை வருகிறது, மழை வாசனை வருகிறது என்று உருகி உருகி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் புத்தகம் என்றால் ‘கட்டிங் ஆயில்’ வாசனை. லேத்தில் இரும்பைச் சீவும்போது சூடேறிப் போகாமலிருக்க மேலே விட்டுக்கொண்டே இருப்பார்களே, அந்த எண்ணெய். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, மரத்தூளும் பார் சோப்பும் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் அது மிச்சமிருக்கும்; அவர் புரட்டுகிற ஒவ்வொரு தாளின் கீழ்மூலையிலும் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை ஏறிக்கொள்ளும். அந்த ரேகை எந்தப் பக்கத்தோடு நிற்கிறதோ அதுவரைக்கும் அப்பா படித்திருக்கிறார் என்று அர்த்தம். மயிலிறகோ பஸ் டிக்கெட்டோ அடையாளம் வைக்கிற வேலையே எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

அத்தனையும் போர்ப் புத்தகங்கள். பெங்களூர் விவேக் நகரில், குழந்தை இயேசு கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில், முன்னறை ஒன்று, சமையலறை ஒன்று என்றிருந்த எங்கள் வாடகை வீட்டில், கட்டிலுக்கு அடியில் ஒரு தகர டிரங்குப் பெட்டி நிறைய அவை கிடந்தன. அட்டை கிழிந்தவை, நடுவில் பத்துப் பக்கம் காணாமல் போனவை, ஏதோ பட்டாளத்து மெஸ்ஸின் முத்திரை குத்தியவை, அம்புக்குறி போட்ட வரைபடங்கள் மடித்து ஒட்டியவை. அம்மா எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘சண்டை பொஸ்தகம்’ என்று ஒரே பெயர் வைத்திருந்தாள். கூட்டும்போது துடைப்பம் அந்தப் பெட்டியில் இடிக்கும் ஒவ்வொரு முறையும், வீட்டில் நடக்கிற சண்டை போதாதென்று காசு கொடுத்து வேறு வாங்கி வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுத்தான் மறுபக்கம் போவாள்.

இன்றைக்கு நான் கதை எழுதிப் பிழைக்கிறவள். கல்யாணம், சாவு, மாமியார், மருமகள் என்று எழுதுகிறேன். படிப்பது மட்டும் போர் வரலாறு. புத்தகக் கடையில் அந்த வரிசையில் போய் நின்றால் கடைப்பையன் ஓடி வந்து, மேடம், சமையல் புத்தகமெல்லாம் அந்தப் பக்கம் என்று கை காட்டுவான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, உண்மையில் நான் தேடுவதும் ஒரு விதத்தில் சமையல்தான். தளபதிகளின் வீர உரைகளை நான் படிப்பதில்லை, தள்ளிவிடுவேன். எந்தப் படையிடம் எவ்வளவு மாவு மிச்சமிருந்தது, கோவேறு கழுதைகளுக்குப் புல் எங்கிருந்து வந்தது, பூட்ஸ் எப்போது பிய்ந்தது, இதெல்லாம் எழுதியிருக்கும் அத்தியாயத்தைத்தான் முதலில் பிரிப்பேன். துவரம்பருப்பு டப்பாவில் அடித்தகரம் தெரிந்தாலே உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடுவேன். எதற்கு இந்தப் பதற்றம் என்று கேட்கிறவர்களுக்குச் சிரித்து மழுப்பிவிடுவது வழக்கம். எல்லாம் ஒரு கோடையிலிருந்து வந்தது.

அப்பா பெயர் ஆரோக்கியசாமி. அடுகோடியில் ஒரு மெஷின் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். இளவயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் மைதானத்தில் போய் நின்று, மார்பளவு போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். மறு வருஷமும் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றும், டேப்பை வைத்திருந்தவன் சிரித்துவிட்டானாம். இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை, அம்மாதான் கோபம் வரும்போது சொல்லிக் காட்டுவாள். பட்டாளம் சேர்க்காத ஆள் அவென்யூ ரோடு பழைய புத்தகக்காரர்களிடம் போய்ப் பட்டாளத்தைக் கிலோ கணக்கில் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். அவர் இங்கிலீஷ் பத்தாவது வரைக்குமான இங்கிலீஷ். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்து, தெரியாத வார்த்தையைத் தாண்டிக் குதித்து, மீதியைத் தமிழில் எங்களுக்குச் சொல்வார். அவர் வாயில் எல்லா நாட்டு ஜெனரல்களும் விவேக் நகர்க்காரர்களாகிவிடுவார்கள். ‘இன்னாய்யா, பீரங்கி வண்டி இன்னும் வரலியா, பெரிய பேஜாரா பூட்ச்சே’ என்று பனியில் நின்றுகொண்டு ஒரு பிரெஞ்சுக்காரன் கேட்பான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, அம்மா கண்ணயரும் மத்தியான நேரம்தான் எங்கள் யுத்த நேரம். கட்டிலில் விரித்த போர்வையைச் சுருக்கி மலையாக்குவார், என் ரிப்பனை ஆறாகப் போடுவார், புளியங்கொட்டை ஒரு பக்கப் படை, மொச்சை மறுபக்கம். திறந்தவெளிச் சண்டைகளில் அவருக்கு அவ்வளவு இஷ்டமில்லை, அது அரைநாளில் முடிந்துபோகிற அவசரம் என்பார். அவருக்குப் பிடித்தது முற்றுகை. உள்ளே ஒரு கூட்டம், வெளியே ஒரு கூட்டம், நடுவில் சுவர். முற்றுகை அத்தியாயம் எதை எடுத்தாலும், இரண்டு பக்கம் படித்ததும் உள்ளே விரலை வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி ஒரே கேள்வி கேட்பார்.

‘சொல்லு பாப்பா, சோறு யாருகிட்ட இருக்கு?’

பீரங்கி யாரிடம், யானை யாரிடம், வீரம் யாரிடம் என்று கேட்கவே மாட்டார். சோறு யாரிடம் இருக்கிறதோ அவன்தான் ஜெயிப்பான், மிச்சமெல்லாம் பேச்சு என்பது அவர் கட்சி. நான் யோசித்து, உள்ளே இருக்கிறவன்கிட்ட என்றோ வெளியே இருக்கிறவன்கிட்ட என்றோ சொல்லவேண்டும். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பார்ப்போம். நான் சரியாகச் சொல்லிவிட்டால் மொச்சையோ புளியங்கொட்டையோ, ஜெயித்த படை முழுக்க எனக்குச் சொந்தம். ஒருமுறை சிட்டி மார்க்கெட் பக்கத்துக் கோட்டைக்குக் கூட்டிப் போனார். அந்தப் பெரிய கோட்டையில் மிஞ்சியிருந்தது ஒரு வாசலும் கொஞ்சம் சுவரும்தான். வெள்ளைக்காரன் சுவரை உடைத்து உள்ளே நுழைந்த இடத்தில் கல்வெட்டு ஒன்று பதித்திருந்தது. அப்பா அதை வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உள்ளே சோறு இருந்ததாம், ஓட்டை விழுந்ததால்தான் தோற்றார்களாம், இதையெல்லாம் முற்றுகை என்றே அவர் ஒத்துக்கொள்ளமாட்டாராம். பஸ்ஸில் வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

இந்த யுத்தங்களுக்கு எங்களைத் தவிர ஒரே ஒரு ரசிகர் உண்டு. நஞ்சுண்டப்பா அங்கிள். அப்பாவுக்குப் பக்கத்து லேத்தில் நிற்கிறவர், அடுகோடியிலேயே வீடு, கன்னடக்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவார், அதில் பாதி கன்னடமாக இருக்கும். தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது, யாரும் கூப்பிடாமலேயே ஒரு போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டிலிருந்த ஒரே பிரம்பு நாற்காலியைத் தூக்கி வாசலுக்கு வெளியே போட்டு, கன்னடப் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாராவது கூட்டமாக வந்தால் தலையை நிமிர்த்தாமல், இது நம்ம மனெ, ஹோக்ரி என்று கன்னடத்தில் சொல்வார், நம்ம வீடு, போங்க என்று அர்த்தம். ஊர் அடங்கும்வரை அந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. அம்மா உள்ளேயிருந்து அவருக்குச் சாப்பாடு நீட்டுவாள். அதற்கப்புறம் அந்த நாற்காலியில் அம்மா வேறு யாரையும் உட்காரவிட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

நான் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த கோடையில் அப்பாவின் தொழிற்சாலையில் சம்பள ஒப்பந்தம் முடிந்து, புதிதாகப் போடமாட்டோம் என்று நிர்வாகம் இழுத்தடித்தது. நடுவில் கான்டீன் ஆட்களை வேறு ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலைநிறுத்தம் என்று சங்கம் சொன்ன மறுநாள் காலையில், ஆட்கள் போய்ப் பார்த்தால் கேட்டுக்குப் பூட்டு, பக்கத்தில் ஒட்டிய காகிதத்தில் கதவடைப்பு அறிவிப்பு. எதிரே ரோட்டோரம் ஷாமியானா போட்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். சங்கத்தில் அப்பா அதுவரை பின்வரிசை ஆள். கேட்டைக் கவனிக்கிற பொறுப்பு யாருக்கு என்று கேட்டபோது அவர் எழுந்து நின்றார். அன்று வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்திலிருந்த தெளிவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார் என்று அம்மா பிற்பாடு கசப்போடு சொல்வாள்.

காலண்டர் தாளின் பின்பக்கம் தொழிற்சாலையை வரைந்தார். முன் கேட், கால்வாய் ஓரத்துப் பின் கேட், லோடு ஏற்றும் மேடை. இரண்டு கேட்டுக்கும் முறை வைத்து ஆள் போட்டார், செய்தி சொல்ல சைக்கிள்காரர்கள் இருவரை வைத்தார். முடித்து வைத்த சரக்கெல்லாம் உள்ளே இருக்கிறது, ஒரு லாரி வெளியே போகக்கூடாது, உள்ளே மெஷின் ஓட்ட ஆளில்லை, பெரிய ஆர்டருக்குத் தேதி நெருங்குகிறது, தானாக இறங்கி வருவார்கள் என்று கணக்குப் போட்டார். கட்டிலில் போர்வையை விரித்து, தன் சாப்பாட்டு டப்பாவை நடுவில் வைத்து, இது கோட்டை, இது நாம என்று எனக்குக் காட்டினார். மொச்சை எல்லாம் டப்பாவைச் சுற்றி வட்டமாக நின்றது. நிஜமான முற்றுகை, அதுவும் எங்கள் அப்பா நடத்துகிற முற்றுகை. நான் மொச்சைகளை டப்பாவுக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளி வைத்தேன். வழக்கமான கேள்வியை அவர் அன்றைக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஷாமியானாவில் மத்தியான நேரம் ஆட்கள் சோர்ந்து போவார்கள். வெயிலும் பசியும் சேர்ந்து, எழுந்து வீட்டுக்குப் போகலாமா என்று ஒருவரையொருவர் பார்க்கிற நேரம். அப்போது அப்பா டிரங்குப் பெட்டியிலிருந்து கொண்டுபோன புத்தகத்தைப் பிரித்து முற்றுகைக் கதை சொல்ல ஆரம்பிப்பார். பள்ளி விடுமுறை என்பதால் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் நானும் அங்கேதான் கிடப்பேன். எலி தின்று கோட்டையைக் காத்தவர்கள், தோல் பெல்ட்டை வேகவைத்துக் குடித்தவர்கள், கடைசி நாளில் எதிரி வெள்ளைக்கொடி காட்டியதை நம்பி ஏமாந்தவர்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, பீடியை அணைத்துவிட்டு எல்லோரும் கேட்பார்கள். நஞ்சுண்டப்பா அங்கிள் முன்னால் உட்கார்ந்து, ஆமேலே, ஆமேலே, அப்புறம் என்னாச்சு என்று தூண்டிவிட்டுக்கொண்டே இருப்பார். சங்கத் தலைவரின் பேச்சைவிட அப்பாவின் கதைதான் அந்த ஆட்களைப் பிடித்து வைத்திருந்தது என்று அங்கிளே அம்மாவிடம் சொன்னார்.

வீட்டில் வேறு விதமாக நடந்துகொண்டிருந்தது. முதலில் ஞாயிற்றுக்கிழமைக் கறி நின்றது. பிறகு தோசைக்கு ஊறப்போடுவது நின்றது, பால்காரரிடம் அம்மா வாசலில் நின்று மெதுவான குரலில் ஏதோ பேசினாள், அவரும் நின்றுவிட்டார். சோறு கஞ்சியாயிற்று. பித்தளை அண்டா ஒருநாள் இல்லை, அது இருந்த இடத்தில் தரை வட்டமாக வெளுத்துக் கிடந்தது. வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவாள். திரும்பும்போது நேராக வீட்டுக்கு வராமல், கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் ஒரு அக்கா வீட்டில் நின்று, தையல் தெரியாதவர்களையும் எடுப்பார்களா என்று விசாரிப்பாள். அப்பாவிடம் சொல்லாதே என்று என்னிடம் சொல்லமாட்டாள், ஆனாலும் நான் சொல்லவில்லை.

பள்ளி திறக்கும் சமயத்தில் கேட்டில் இன்னொரு காகிதம் ஒட்டினார்கள். சங்கத்தை விட்டுத் தனித்தனியாக வந்து உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறவர்களை வேலைக்கு எடுத்துக்கொள்வோம், வருகிற சனிக்கிழமை கடைசி என்று. அப்பா சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. வெள்ளைக்கொடி ஏற்றிவிட்டார்கள், உள்ளே எல்லாம் தீர்ந்துபோனால் கடைசியில் இதைத்தான் செய்வார்கள், இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று ஷாமியானாவில் எல்லோரிடமும் சொன்னாராம்.

அந்த வாரம் வியாழக்கிழமை, நாங்கள் நவநாள் முடிந்து வந்து விளக்குப் போட்ட நேரத்தில் நஞ்சுண்டப்பா அங்கிள் வந்தார். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார், ஆனால் முதுகைச் சாய்க்கவில்லை. ஓசூரில் அவர் மைத்துனர் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். அங்கே புதிதாக மெஷின்கள் இறக்கி, நம்முடைய டிராயிங்கை வைத்து, நம்முடைய ஆர்டரை ஒரு மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், லாரி அங்கிருந்தே போகிறது என்று அவர் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னாராம்.

‘ஆரோக்கியம், உள்ள யாரும் இல்லப்பா,’ என்றார் அங்கிள். ‘காலி பில்டிங்கை நாம சும்னே காவல் காத்துட்டிருக்கோம்.’

அப்பா அசரவில்லை. இதுவும் பழைய தந்திரம்தான், தோற்கப்போகிறவன் வெளியே வதந்தியை அனுப்புவான் என்று சொல்லிக் குனிந்து டிரங்கை இழுத்தார். ஒரு புத்தகத்தை எடுத்து, சரியாக அந்தப் பக்கத்தைப் பிரித்து, பாரு, எழுதியிருக்கு பாரு என்று அங்கிள் முன்னால் நீட்டினார். அங்கிளுக்குக் கன்னடம் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கீழ்மூலையிலிருந்த கறுப்பு ரேகையைப் பார்த்தார், அப்புறம் அப்பாவைப் பார்த்தார்.

‘சாக்கப்பா, போதும். சனிக்கிழமை வரைக்கும் எல்லாரையும் எடுத்துக்கிறாங்க, அதுக்கு மேல அவங்களுக்கு வேணுங்கிற ஆளை மட்டும்தான். நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து போய்டலாம். உன்ன விட்டுட்டு எனக்குப் போக மனசு வரல.’

‘நீ போறதுன்னா போ,’ என்றார் அப்பா. ‘எல்லாக் கோட்டையிலயும் உள்ள இருந்து கதவைத் தொறந்து விட்டவன் ஒருத்தன் இருப்பான். இங்க அது நீயின்னு இருக்கட்டும்.’

எங்கள் கதவுக்குக் காவல் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்து, அதே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும்போது, அப்பா இதைச் சொன்னார். சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றுபோயிற்று. அங்கிள் எழுந்து, என் தலையில் ஒரு தடவை கை வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெருமுனை தாண்டியிருப்பார், அம்மா அரிசி டின்னை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு முன்னால், அந்தத் திறந்த புத்தகத்தின் பக்கத்தில் வைத்து, மூடியைத் திறந்தாள். அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் குரல் கோயிலில் பதில் ஜெபம் சொல்கிற குரல் மாதிரி இருந்தது.

‘எனக்கு உங்க பொஸ்தகம் தெரியாது. பாப்பாகிட்ட எப்பவும் கேப்பீங்களே, அதை மட்டும் நான் கேக்கறேன். சோறு யாருகிட்ட இருக்குங்க?’

அப்பா டின்னுக்குள் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன், அடித்தகரமும் அதில் ஒட்டிய கொஞ்சம் நொய்யும் தெரிந்தது. அந்தக் கணம் எனக்குப் புரிந்ததைவிடத் தெளிவாக அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்திலும் எனக்கு எதுவும் புரிந்ததில்லை. கோட்டை அடுகோடியில் இல்லை. விவேக் நகரில், எங்கள் வீட்டில், இந்தக் கட்டிலைச் சுற்றி இருந்தது. நாங்கள்தான் உள்ளே இருந்தோம். ரோட்டோரம் உட்கார்ந்து கேட்டை மறித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்த அத்தனை பேரும் அவரவர் வீட்டில் அப்படித்தான் உள்ளே இருந்தார்கள். அப்பாவுக்கும் அது புரிந்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அவர் புத்தகத்தை மூடும்போது உள்ளே விரல் வைக்கவில்லை.

இத்தோடு அவர் மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. ஆனால் பாழாய்ப்போன புத்தகங்கள் அப்போதும் அவரை விடவில்லை. பின்வாங்கும்போது தளபதி கடைசியாகத்தான் வரவேண்டும் என்று எத்தனையோ இடத்தில் படித்திருந்தார். வெள்ளிக்கிழமை முழுக்க ஷாமியானாவில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆளாகக் கூப்பிட்டு, போய்ப் போடு, வீட்டைப் பாரு என்று அனுப்பிக்கொண்டிருந்தார். சிலர் அழுதார்களாம், சிலர் இதை முதலிலேயே சொல்லக்கூடாதா என்று திட்டிவிட்டுப் போனார்களாம். வராதவர்களின் வீட்டுக்குச் சனிக்கிழமை சைக்கிளில் போய்ச் சொன்னார். எல்லோரும் வரிசையில் நின்ற பிறகு தானும் போய் நின்றார். வரிசையின் முன்பக்கத்தில், வெள்ளிக்கிழமை போடாமல் காத்திருந்த நஞ்சுண்டப்பா அங்கிள், தனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு, இங்க வா ஆரோக்கியம் என்று கூப்பிட்டாராம். அப்பா தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போய்விட்டார். அவர் முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னலைச் சாத்தினார்கள், மிச்சமிருக்கிறவர்கள் திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். திங்கட்கிழமை அம்மா சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்தாள், யூனிபாரத்தை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மத்தியானம் திரும்பி வந்தார். உங்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். வழக்கமாகச் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்துக்கு டப்பாவைத் திறந்து, எங்கள் யாரையும் பார்க்காமல், பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

அம்மா அந்த மாதமே கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனாள். நூல் வெட்டுகிற வேலையில் ஆரம்பித்து, பிறகு மெஷினில் உட்கார்ந்தாள். காலர் மட்டும் தைப்பாள், நாள் முழுக்கக் காலர். என்னைப் படிக்க வைத்தது அந்தக் காலர்கள்தான், எங்கள் டின்னில் அரிசி போட்டதும் அதுதான். அப்பாவுக்கு எந்தத் தொழிற்சாலையிலும் வேலை கிடைக்கவில்லை, சங்கத்து ஆள் என்று அவர் பெயர் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. இங்கே அங்கே கொஞ்ச காலம் அல்லாடிவிட்டு, கோரமங்களாவில் புதிதாக எழுந்த ஓர் ஆபீஸ் கட்டடத்தில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். அவர்கள் கொடுத்த உடுப்பைப் பார்க்கவேண்டுமே. தோளில் நட்சத்திரம், மார்பில் கயிறு, அதில் ஒரு விசில், தலையில் தொப்பி. பட்டாளத்துக்கு மார்பளவு போதாத எங்கள் அப்பா அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு உட்பக்கம் நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு காருக்கும் சல்யூட் அடித்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல் காலேஜ் நாட்களில் நான் அந்தப் பக்கம் பஸ் போனால் ஜன்னலுக்கு மறுபுறம் திரும்பிக்கொள்வேன். டிரங்குப் பெட்டியை அவர் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. அண்டாவைப் போட்ட அம்மா அந்தப் புத்தகங்களை மட்டும் பழைய பேப்பர்காரனிடம் போடவில்லை, ஏன் என்று கேட்டால், இருந்துட்டுப் போகட்டும், சோறா கேக்குது என்பாள்.

அங்கிள் இரண்டு மூன்று முறை வந்தார். அப்பா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். கோபமில்லை, வெட்கம்தான் என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்கு அங்கிளுக்கு அது எப்படித் தெரியும்? அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். கையெழுத்துப் போட்டவர்களுக்கும் அந்த வேலை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. நாலைந்து வருஷத்தில் தொழிற்சாலையையே மூடினார்கள், அங்கிள் துமகூர் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. அவர் இறந்த செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது காரியம் எல்லாம் முடிந்திருந்தது. அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. பிரம்பு நாற்காலியைத் தூக்கி வாசலுக்கு வெளியே போட்டு, தான் உட்காராமல், பக்கத்தில் படியில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்.

டிரங்கைத் திறந்தது நான்தான். டிகிரி முடித்து வேலை இல்லாமல் இருந்த நாட்களில் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். கறுப்பு ரேகை நின்ற இடத்திலிருந்து அப்பா படிக்காமல் விட்ட பக்கங்களையும் படித்தேன். இப்போது அவை என் அலமாரியில் நிற்கின்றன. அடுகோடியில் அந்த கேட் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது, ஷாமியானா போட்டிருந்த ரோட்டோரத்தில் பஸ் நிற்கவே இடமில்லை. விவேக் நகர் வீட்டை இடித்து மாடி மாடியாகக் கட்டிவிட்டார்கள். அம்மா, நுரையீரலில் துணித்தூசி படிந்து, இருமி இருமியே, ரெண்டாயிரத்துக்கப்புறம் கொஞ்ச வருஷத்தில் போய்விட்டாள். அப்பாவும் இல்லை. புத்தகங்களின் கீழ்மூலையில் ரேகை மட்டும் அப்படியே இருக்கிறது, எண்ணெய் வாசனை எப்போது போயிற்று என்று தெரியவில்லை. நேற்றுகூட மூக்கில் வைத்துப் பார்த்தேன், வெறும் தூசி.

அப்பாவின் கடைசி மழைக்காலத்தில், அவருக்குக் கண் மங்கி எழுந்து நடமாட முடியாமல் போன பிறகு, பொழுது போகட்டுமே என்று அந்தப் பெட்டியிலிருந்த ஒரு முற்றுகைப் புத்தகத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன், கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். இரண்டு பக்கம் போனதும் எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. உள்ளே விரலை வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு, சொல்லுங்கப்பா, சோறு யாருகிட்ட இருக்கு என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் கையை நீட்டிப் புத்தகத்தின் கீழ்மூலையைத் தடவினார்.

‘உங்கம்மாகிட்டதாம்மா இருந்துச்சு,’ என்றார்.

அதைக் கேட்க அம்மா இல்லை.